அவர் சாப்பிட்ட செப்டம்பர்

ஆகஸ்ட் 27, செவ்வாய். மான்மவுத் ஜங்ஷன்

காலையில் கிருபைக்கு இரண்டு இட்லி வைத்தேன். பொடி இல்லை, சாம்பார் இல்லை, வெறும் நெய். பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டார். "வாயில மரத்தூள் போட்ட மாதிரி இருக்கு ஜோசி."

தொண்டைக்கு ரேடியேஷன் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கட்டி போய்விட்டது. கூடவே ருசியும் போய்விட்டது. காரம் பட்டால் எரிகிறது. இன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இன்னும் எடை இறங்கினால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் சாப்பாடு.

துலூஸில் வேலை பார்க்கும் மகள் ஜெபினா விடாமல் கூப்பிடுகிறாள். பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறாளாம். "ஜஸ்ட் கம், அம்மா. அப்பா நீட்ஸ் எ சேஞ்ச்." டாக்டரும் போகலாம் என்கிறார். எனக்குத்தான் பயம். அங்கே போய் இவருக்கு என்ன கொடுப்பேன்?

ஆகஸ்ட் 31

ஒரு பெட்டி முழுக்கச் சமையல் சாமான்.

செப்டம்பர் 5, வியாழன்

வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் சூரியகாந்தி, காய்ந்து கறுத்துத் தலை கவிழ்ந்து நிற்கிறது. பட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். விதை முற்றட்டும் என்று விட்டிருக்கிறார்களாம்.

பன்னிரண்டு மணிக்கு ஊரே பூட்டிக்கொள்கிறது. ரோடு போடுகிறவர்கள்கூட மேஜையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறார்கள். வேலை பார்க்கிற லேபில் நான் நின்றுகொண்டே டப்பாவைக் காலி பண்ணுகிறவள்.

பக்கத்து வீட்டு ஒடீலுக்கு என் வயதுதான் இருக்கும். தனியாக இருக்கிறாள், கோழி வளர்க்கிறாள். வேலிக்கு மேலே கைநீட்டி முட்டை கொடுத்தாள், இன்னும் சூடு ஆறாத முட்டை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு "மெர்சி" மட்டும்தான்.

செப்டம்பர் 7, சனி

சந்தைக்குப் போனோம். காலையில் நான் வைத்த கஞ்சியை இவர் மூன்று ஸ்பூனோடு நிறுத்தியிருந்தார்.

ஆட்டுப்பால் சீஸ் விற்கிறவர் கத்தி முனையில் ஒரு துண்டை நீட்டினார். பன்னீர் மாதிரி, ஆனால் இன்னும் குழைவாக. இவர் மரியாதைக்காக வாங்கி வாயில் போட்டார். விழுங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். துப்பத்தான் போகிறார் என்று பையில் டிஷ்யூ தேடினேன்.

"புளிக்குது" என்றார்.

"என்னது?"

"புளிக்குது ஜோசி! எனக்குத் தெரியுது!"

கூட்டத்துக்கு நடுவில், கையில் முலாம்பழத்தோடு அழுதேன். சீஸ்காரர் என்ன நினைத்தாரோ, இன்னொரு துண்டு வெட்டி எனக்கும் கொடுத்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒடீல் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். லீக்ஸ் சூப். லீக்ஸ் என்றால் வெங்காயத்தாள் மாதிரிதான், தண்டு மட்டும் தடியாக இருக்கும். அதோடு உருளைக்கிழங்கு, வெண்ணெய், கொஞ்சம் கிரீம். மிளகுகூட இல்லை. ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு ஏன் இப்படி இருக்கு? கல்யாணமானதுலேர்ந்து என் கையால சாப்பிட்ட மனுஷன். எத்தனை விதமா செஞ்சு பார்த்தேன் இந்த ரெண்டு மாசமா. ஒண்ணும் இறங்கல. யாரோ ஒருத்தி வச்ச சூப்பு இறங்குது —

ஜெபினா கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, ஹி ஏட்! வை ஆர் யூ அப்செட்?"

"அப்செட்லாம் ஒண்ணும் இல்ல."

செப்டம்பர் 11

எனக்காக மட்டும் மீன் குழம்பு வைத்தேன். நன்றாக இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பல ஊர் சர்ச்சுகளுக்கு ஒரே சாமியாராம். இன்று இந்த ஊர் முறை. மொழி புரியாவிட்டாலும் பூசையில் எங்கே எழுந்திருப்பது, எங்கே முழங்காலிடுவது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

முடிந்ததும் ஒடீல் என் கையைப் பிடித்து நேராகத் தன் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். லீக்ஸை முன்னால் வைத்தாள், கத்தியை என் கையில் கொடுத்தாள், அவள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெண்ணெயை எடுத்ததும் தலையாட்டினாள். கம்மியாகப் போட்டால் "நோ, நோ!" ஜெபினா வந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஷி சேஸ், இந்தக் கிச்சன்ல வேற ஒருத்தர் சமைச்சு ரொம்ப வருஷம் ஆச்சாம். ஷி ஜஸ்ட் வான்ட்ஸ் டு சிட்."

இவருக்கு இதெல்லாம் தெரியாது. வந்து உட்கார்ந்தார், குடித்தார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது நீ வச்சதா?"

"எப்படித் தெரியும்?"

"உருளைக்கிழங்கை இவ்ளோ பொடிசா நறுக்குறது நீதான்."

ஒடீலுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அப்படிச் சிரித்தாள்.

செப்டம்பர் 24

நாளை ஊருக்கு. பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அத்திப்பழம் ஒரு கூடை கொடுத்தாள் ஒடீல். ஏர்போர்ட்டுக்குப் போவதற்குள் தின்று தீர்க்க வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய். மான்மவுத் ஜங்ஷன்

டாக்டர் குழாய் பேச்சையே எடுக்கவில்லை. கார் பார்க்கிங்கில் இவர் கையை விடவே இல்லை நான்.

நவம்பர் 14, வியாழன்

மத்தியானமே காய்ச்சலோடு லேபிலிருந்து வந்து படுத்துவிட்டேன். சாயந்திரம் அடுப்படியில் சத்தம். டீயைத் தவிர எதற்கும் அடுப்பைப் பற்றவைக்காத மனுஷன், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். லீக்ஸ் சூப்.

"நீ முதல்ல குடி. அப்புறம் நான்."

லீக்ஸுக்குள் அடுக்கடுக்காக மண் இருக்கும். பிளந்து கழுவ வேண்டும். அது அவருக்குத் தெரியாது. முதல் வாயிலேயே நறநற என்றது. எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றேன்.