ஓடிப்போனாள் என்று எழுதியவருக்கு

அண்ணே,

கம்பம் பேருந்து நிலையச் சுவரில் இன்று காலை உங்கள் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை. ஈரம் காயாத தாளில் ‘இயற்கை எய்தினார்’ என்று இருந்தது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்திலும் நின்று அந்தச் சொல்லைப் பார்த்தேன். செத்தார், இறந்தார், காலமானார் என்று எத்தனையோ இருக்க, உங்களுக்கு எவ்வளவு மெத்தென்ற சொல்லாகத் தேடிப் போட்டிருக்கிறார்கள்! என் அம்மாவுக்கு நீங்கள் அந்தத் தயவைக் காட்டவில்லை.

நாம் இருவரும் கூடலூரில் ஒரே தெரு. இருவரும் கதை எழுதினோம். மாதம் ஒருமுறை கம்பத்தில் ஒரு டுட்டோரியல் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதைப் படித்துக் காட்டுவோம். அங்கே சொற்களுக்காக அதிகம் சண்டை போடுகிறவர் நீங்கள்தான். “ஒரே அர்த்தத்துல ரெண்டு சொல்லு கெடையாது. ‘கெழவி செத்துட்டா’ன்னா படிக்கிறவன் கடந்து போயிருவான். ‘அம்மா போயிட்டா’ன்னா நின்னு கேப்பான்” என்று ஒருமுறை சொன்னீர்கள். அதனால்தான், தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்று ஒருநாளும் என்னால் நினைக்க முடியவில்லை.

அம்மாவின் கதையை உங்களுக்குச் சொன்னது நான்தான். தேனியிலிருந்து திரும்பும் பேருந்தில், பெருமையாகச் சொன்னேன். அப்பாவின் அடி பொறுக்காமல் அம்மா ஒரு விடியலில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறி, குமுளி தாண்டிப் போய், தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிக் காய் பறித்து அக்காவையும் என்னையும் வளர்த்ததை. அப்பா இறந்த பிறகுதான் ஊர் திரும்பினோம். நீங்கள் எழுதும்வரை ஊரில் அம்மாவுக்கு ‘மலைக்குப் போனவ’ என்று பெயர். அந்தப் பெயரில் உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

நீங்கள் எழுதிய கதை பத்திரிகையில் வந்தது. பெயரை மாற்றியிருந்தீர்கள். தெருவை மாற்றவில்லை, அம்மாவின் மோவாயில் இருக்கும் தழும்பை மாற்றவில்லை. நடந்ததெல்லாம் நடந்தபடியே இருந்தது. ஆனால் அம்மா ஜீப் டிரைவரைப் பார்த்துச் சிரித்தது, உங்கள் கையில் ‘இளித்தாள்’ ஆகியிருந்தது. நல்ல சேலை கட்டியது ‘மினுக்கிக்கொண்டது’ ஆகியிருந்தது. கடைசி வரி, ‘அவள் ஓடிப்போனாள்.’

ஓடிப்போனாள் என்றால் கூடவே ஓர் ஆண் வந்துவிடுகிறான். அவனை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை. படிப்பவர்களே கூட்டிவந்து நிறுத்திக்கொள்வார்கள்.

டீக்கடையில் உங்களை மறித்துக் கேட்டேன். டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை நீங்கள். “நடந்ததத்தான எழுதுனேன், தங்கச்சி? ஒரு பொய்யக் காட்டு பாப்போம்.” என்னால் காட்ட முடியவில்லை.

அக்காவுக்குப் போடியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. தரகர் வந்து வாசலிலேயே நின்றார். “ஓடிப்போனவ மகள எப்புடி எடுக்கன்னு கேக்குறாக, ஆத்தா. கதையிலயே வந்துருச்சாமுல்ல.” அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கதையை வாசிக்கச் சொன்னாள். ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “நான் இளிச்சேனா, ஆத்தா?”

பின்னால் அக்காவுக்கு ஆண்டிபட்டியில் அமைந்தது. மகளின் தாலி ஏறும்போது அம்மா மேடைக்கு வரவில்லை. சமையல்கட்டுப் பக்கம் தூணோரமாக நின்று பார்த்தாள். அன்றைக்கு உங்களுக்கு நாள் குறித்தேன்.

காத்திருக்க எனக்கு வருத்தமில்லை. சில வருடம் கழித்து உங்கள் மனைவி, எங்கள் மதினி, உங்கள் வீட்டிலிருந்து வருசநாட்டுக்குப் போனார்கள். “பெறந்த வீட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும்” என்று மாடியில் எங்களிடம் சொன்னீர்கள். கணவனை விட்டுப் போன பெண்ணுக்கு அவ்வளவு நல்ல சொல்லும் இருந்திருக்கிறது, பாருங்கள். மதினி திரும்பவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். நீங்கள் அலுவலகம் போகும்போதெல்லாம் தன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனதைச் சொன்னார்கள். அழவில்லை.

“எழுதட்டுமா, மதினி?”

“எழுது. ஓடிட்டான்னு மட்டும் எழுதிராத.”

கதையில் ஒன்றையும் கூட்டவில்லை. உங்களைத் திட்டி ஒரு வரி இல்லை. கடைசிச் சொல்லுக்குத்தான் நாள் பிடித்தது. ‘பிரிந்தாள்’ என்றால் குற்றத்தில் பாதி மதினிக்கும் போகும். ‘போனாள்’ என்றால் திரும்பி வரலாம் என்றாகும். ‘தப்பித்தாள்’ என்று எழுதினேன். உடனே அவர்களுக்குப் பின்னால் ஒரு பூட்டும், சாவியோடு ஓர் ஆளும் தானாக வந்து நின்றார்கள்.

கதை வந்த வாரம் போன் செய்தீர்கள். “எல்லாம் உள்ளதுதான். அந்த ஒரு சொல்ல மட்டும் புத்தகத்துல வரும்போது எடுத்துரு, தங்கச்சி.”

“எந்தச் சொல்லுண்ணே?”

தெரிந்துதான் கேட்டேன். உங்கள் வாயால் வர வேண்டும் என்று கேட்டேன். “தப்பிச்சா” என்றீர்கள். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

“ஒரு பொய்யக் காட்டுங்கண்ணே, எடுத்துர்றேன்.”

லைனைத் துண்டித்தீர்கள். அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை. பார்க்கிறவர்கள் மதினியைப் பற்றி விசாரித்தால் நீங்கள் பேச்சை மாற்றுவதாகச் சொன்னார்கள். எனக்கு இனித்தது. இப்போதும் கசக்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: எந்தச் சொல்லையும் எழுதுமுன் அது யாரைக் கூட்டி வருகிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்க்கிறேன். இப்போது அம்மாவின் கதையை நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கிளம்பினாள் என்பதா, வெளியேறினாள் என்பதா? நேற்று அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடமே கேட்டேன்: “அன்னைக்கு நீ என்னம்மா செஞ்ச? ஒரே சொல்லுல சொல்லு.”

அம்மா நிமிரக்கூட இல்லை. “என்ன செஞ்சேன்? உங்க ரெண்டு பேத்தையும் கூட்டிட்டுப் போனேன்.”

இத்தனை வருடமாக நீங்களும் நானும் ஊரும் புரட்டிய சொற்களில் அம்மா மட்டுமே இருந்தாள். அவள் சொன்னதில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். முதல் வரியை எழுதிவிட்டேன். அதைப் படிக்க நீங்கள் உயிரோடு இல்லையே என்பது ஒன்றுதான், அண்ணே, உங்கள் சாவில் எனக்குள்ள வருத்தம்.