வாலுவிடம் சொல்லாதது

ஏப்ரல் 6

வாலுவின் அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நாம் எதில் கொண்டுபோய் முடிப்போம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

வாலுவுக்கு இரண்டு இடத்திலும் சீட் கிடைத்துவிட்டது. ஒன்று உங்கள் ஊர் ஓவியக் கல்லூரி. மற்றது இங்கே பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறை. கல்லூரிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "அங்க நாள் பூரா வரையலாம்மா. இங்க வாரத்துல ரெண்டு நாள்தான் வரையறது. மிச்சமெல்லாம் பாடம், பரீட்சை" என்கிறாள்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள். இருட்டினால் தடுமாறுகிறாளே என்று போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார். விழித்திரை பழுதாகிக்கொண்டு வருகிறதாம். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கும். மருந்து கிடையாது. பத்து வருஷம் என்றார். அவளிடம் சத்துக் குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் என்றால் நடுவில் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கல்லூரியில் ஓவியத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அவள் அம்மா

ஏப்ரல் 15

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். அப்புறம் ஒருவர் கேட்ட பச்சை பெயிண்டை இரண்டு தடவை தப்பாகக் கலந்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கல்லூரிக்கு நான்தான் பெயிண்ட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு நாள் காலையில் ஒரு பெண் மண் ஜாடி ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். பணம் வாங்க மதியம் மறுபடி போனேன். அதே ஜாடி. நிழலை மட்டும் அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வாத்தியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. வாலுவுக்கு ஏற்ற இடம் அதுதான்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். இங்கே வந்தால் என்னோடு தங்குவாள் என்ற ஆசையில் பேசுகிறேன் என்பாய். ஆசை இல்லாமலும் இல்லை.

அவள் அப்பா

ஏப்ரல் 21

வாலுவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு ஜாடியும் நிழலும் தெரிகிறது. எனக்கு இருபத்தேழு வயதில் சுவரைத் தடவி நடக்கிற மகள் தெரிகிறாள். பதினேழு வயதுப் பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஆறு வருஷம். இதுவரை உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கல்லூரி வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், இதை மட்டும் கேட்கிறேன்.

அவள் அம்மா

மே 3

வாலுவின் அம்மாவுக்கு,

நீ கேட்டபடியே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்து, "அந்தக் காலேஜ் எப்படிப்பா?" என்று கேட்டாள்.

"வாத்தியாருங்க பாதி நாள் வர்றதே இல்லடா. பசங்க சும்மா உக்காந்திருக்காங்க. உனக்கு அது வேணாம்."

"நீங்களே பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"சரிப்பா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள். இனி என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்காதே.

அவள் அப்பா

நவம்பர் 18

வாலுவின் அப்பாவுக்கு,

முந்தாநாள் சாயங்காலம் வாலு பஸ் படியைத் தவறவிட்டு விழுந்துவிட்டாள். முட்டியில் நல்ல காயம். மருந்து போடும்போது என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "தெரியும்மா. அன்னைக்கே தெரியும். டாக்டர் ரூம் கதவு சரியா மூடல. நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்" என்றாள். "அதனாலதான் அந்தக் காலேஜ் கேட்டேன். கண்ணு இருக்கிறப்பவே வரைஞ்சு தீத்துடணும்னு. பத்துல ஒண்ணு போச்சு."

அப்புறம், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ அந்த வாத்தியாருங்க ஒழுங்காத்தான் வர்றாங்க. இல்லம்மா?"

நான் குனிந்து முட்டிக்குக் கட்டுப் போட்டேன். அவளே புரிந்துகொண்டாள். பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு அடுத்த வருஷம் உங்கள் ஊர்க் கல்லூரியிலேயே சேரப் போகிறாளாம். ஆனால் விடுதியில்தான் இருப்பாளாம். உங்கள் போனை எடுக்க மாட்டாளாம்.

நான் கெஞ்சித்தான் நீங்கள் சொன்னீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு நாளாகச் சொல்ல வாயெடுக்கிறேன், வர மாட்டேன் என்கிறது. நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

அவள் அம்மா

நவம்பர் 22

வாலுவின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். சொல்லாதே. எப்போதும் சொல்லாதே.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். காலையில் எழுந்தால் அவளுக்கு உன் முகம்தான். நம் இருவரில் ஒருவரையாவது அவள் நம்பட்டும். பொய் என் வாயிலிருந்துதான் வந்தது. அது என்னோடு இருக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து அவளுக்குப் போன் செய்கிறேன். அடித்து அடித்து நின்றுவிடுகிறது. இனி செய்ய மாட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு தெருவில் எதிரே வந்தால் என்ன செய்வாளோ, தெரியவில்லை. நானாகப் போய் நிற்க மாட்டேன் என்று அவளிடம் சொல்.

நீ மட்டும் எழுது. என்ன வரைந்தாள் என்று இரண்டு வரி போதும்.

அவள் அப்பா