அபிராமி என்று ஒரு குதிரை

6 பெப்ரவரி 96, செவ்வாய்

பனி. பஸ் பிந்தியது. பால், பாண், மகள் அபிக்கு இருமல் மருந்து (மறந்துபோனேன்).

வரி அலுவலகக் கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்தேன். பிக்கரிங்குக்கு அப்பால் இவர் நடத்தும் குதிரைப் பண்ணை தொழிலா, பொழுதுபோக்கா? குட்டி போடவைத்து விற்கத்தான் தொடங்கியது. நாலு வருடமும் நட்டம். அதை இவருடைய ஃபாக்டரிச் சம்பளத்தில் கழித்துத்தான் வரி கட்டினோம். பொழுதுபோக்கு என்றால் கழித்ததெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். வீடு வாங்க வைத்திருந்தது அதோடு சரி.

"குதிரை பாக்கப் போகேக்கை விசில் அடிச்சுக்கொண்டு போறியள். அதை மட்டும் அங்கை சொல்லிப்போடாதையுங்கோ."

"நீர் பயப்பிடாதையும், சாந்தி."

பயமாகக்கூட இல்லை. ஒன்றும் தோன்றவில்லை.

8, வியாழன்

பத்து மணிக்கு வரி அலுவலகம். அபியும் கூட. மொழிபெயர்க்க நான்.

அதிகாரி ஒரு பெண். அமைதியான மனுசி. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை, மிருக வைத்தியரின் பற்றுச்சீட்டு, எல்லாம் சரி. பிறகு குதிரைகளின் பட்டியல்.

"அபிராமி. மகளின் பெயரும் இதுதானே?"

பேனை நின்றது. செல்லப்பிராணி என்று எழுதப்போகிறாள்.

இவருக்கும் விளங்கிவிட்டது. "சொல்லும் சாந்தி. கடைக்கு, லொறிக்கு, வள்ளத்துக்கு எல்லாம் பிள்ளையின்ரை பேர்தானே வைப்பம். விளையாட்டுச் சாமானுக்கு ஆரும் வைப்பினமோ?"

சொன்னேன். வோபர்னில் எங்கள் தெருவில் மூன்று தமிழ்க் கடை, மூன்றும் பிள்ளைகளின் பெயரில், என்றும் சேர்த்தேன். சிரித்தாள். எழுதினாள்.

"அப்படியென்றால், நல்ல விலை வந்தால் அபிராமியை விற்பீர்களா?"

மொழிபெயர்த்தேன். இவர் குனிந்து அபியின் சப்பாத்து லேஸைக் கட்டினார். கட்டியிருந்ததையே.

இவரைப் பாராமல் "யெஸ்" என்றேன்.

தொழில் என்று காட்ட, விற்பனை விளம்பரம் போட்டால் அதன் பிரதி அனுப்பச் சொன்னாள்.

11, ஞாயிறு

வெயில். குளிர் குறையவில்லை. முட்டை முடிந்தது.

இன்று இவர்: "நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"எப்ப?"

"கொஞ்சம் பொறுத்து."

நாலு வருடத்துக்கு முன், அபி பிறந்த கிழமை வாங்கிய குதிரை. மற்ற இரண்டு குதிரைக்கும் பெயரே வைக்கவில்லை. விசில் இல்லாமல் பண்ணைக்குப் போனார். விளம்பரம் எழுத நான். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: அபிராமி. வயது ஒன்பது. சாது. விற்பனைக்கு.

அபி மடியில் ஏறினாள். தன் பெயரை மட்டும் வாசிப்பாள். விரல் வைத்தாள்.

"அம்மா, உது நானோ?"

ஓம் என்றேன்.