காந்தம் ஒட்டிய கதவு

அன்பு நிலோபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மலேசியாவில், மூவாரில் நான் சுகம். உம்மாவின் முட்டிவலி தேவலையா?

காரோடு நிற்கும் படம் அனுப்பினேன் அல்லவா? வாங்கப்போகிறவருக்குக் காட்டவென்று பட்டறை முதலாளி செல்வா எடுத்தது. உலகத்தில் இந்த மாதிரி சில கார்கள்தானாம், உடம்பு முழுக்கக் கார்பனாம். ஆரஞ்சு நிறத்தை முத்து வெள்ளையாக்கச் சொன்னார் முதலாளி.

நேற்று பெயிண்ட் அடிக்கத் தேய்க்கும்போது கதவில் காந்தம் வைத்துப் பார்த்தேன். கப்பென்று ஒட்டிக்கொண்டது. கார்பனில் காந்தம் ஒட்டுமா? பக்கவாட்டில் காற்று போகும் துளைகளும் வெறும் ஒப்புக்குத்தான், உள்ளே அடைப்பு. செல்வாவிடம் கேட்டதற்கு, "ஒனக்கு எதுக்கு லா? கலர மட்டும் அடி" என்றார்.

போலியை அசலென்று விற்கப் பார்க்கிறார் போல; மாட்டினால் காரோடு படத்தில் நிற்பது நான்தான். அவர் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

கவலைப்படாதே. நீ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த அந்தப் படத்தை எடுத்துவிடு. அவர் வருகிறார், நிறுத்துகிறேன். அழிக்க மனம் வராவிட்டால், காரை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொள்.

சைஃபுல்லா