துறை கைவிட்ட முகவரிக்கு வரும் புகார்கள்

அனுப்புநர்:
தையல்காரரின் அண்ணன்,
மாலைப் பத்திரிகைச் செய்தியாளர் (ஓய்வு).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இணைய முகவரிப் பதிவு மற்றும் பாதுகாப்பு இயக்ககம்.

பொருள்: மின் விநியோகத் துறையின் பழைய இணைய முகவரியை ஒப்படைக்கச் சொல்லும் தங்கள் நோட்டீசுக்குப் பதிலும், வட்டாரப் பொறியாளர் மீது புகாரும்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அரசுத் துறையின் பெயரில் உள்ள முகவரியை நான் பிடித்து வைத்திருப்பதாகவும், அது நாட்டின் இணையப் பாதுகாப்புக்குக் கேடு என்றும், ஒரு மாதத்தில் ஒப்படைக்காவிட்டால் வழக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். முகவரி என்னிடம்தான் இருக்கிறது. நான் திருடவில்லை. துறை தெருவில் போட்டுவிட்டுப் போனதை எடுத்தேன். அது நடந்த விதம் வருமாறு.

1. என் தம்பி தையல்காரன். அவன் கடை வாசலில் ஒரு மின் கம்பம். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் அதன் அடியைத் தளர்த்திவிட்டுப் போனார்கள். கம்பம் கடைப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. "அண்ணா, என்னைக் கண்டா கும்பிடுறது இந்தக் கம்பம் ஒண்ணுதான்" என்பான். துணி தைக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே புகாரும் எழுதினான். கம்பத்தில் அறைந்த தகட்டில், பழுது இருந்தால் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதற்குத்தான் எழுதினான்.

2. அந்த முகவரி அப்போது உயிரோடு இல்லை. எல்லாத் துறைகளும் அரசுக்கென ஒதுக்கிய புதிய இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று தங்கள் இயக்ககம் ஆணையிட்டிருந்தது. போலிகளைத் தடுக்க வந்த நல்ல ஆணை. நானே அதைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். மின் விநியோகத் துறை மாறியது. பழைய முகவரியைக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டது. கம்பங்களில் உள்ள தகடுகளை மாற்றும் பொறுப்பு வட்டாரப் பொறியாளருக்குத் தரப்பட்டது. மாற்றியாகிவிட்டது என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்றைக்கூட மாற்றவில்லை.

3. தம்பி மடல் அனுப்பிய கையோடு ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. இப்படி ஒரு முகவரி இல்லை, உங்கள் மடல் போய்ச் சேரவில்லை என்பது அதன் பொருள். தம்பிக்கு ஆங்கிலம் வராது. துறை ரசீது அனுப்பியிருக்கிறது என்று நினைத்தான். அச்செடுத்துக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினான். "பெரிய ஆபீஸ், இங்கிலீஷ்லதான் போடுவாங்க. வருவாங்க, பாரு" என்று மனைவியிடம் சொன்னான். மூன்று முறை எழுதினான். மூன்று ரசீதும் சுவரில் இருந்தன. மழையோடு காற்று அடித்த ஒரு மாலையில் கம்பம் விழுந்தபோது, அவன் கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

4. தம்பியின் சாவு பற்றித் துறை நடத்திய விசாரணையில் அந்தத் தாள்களை மேசைமேல் வைத்தோம். பொறியாளர் பார்த்தார், சிரித்தார். "இது ரசீது இல்லைங்க, திரும்பி வந்த லெட்டர். எங்களுக்குப் புகாரே வரலை. வராத புகாருக்கு ஆள் அனுப்ப நான் என்ன ஜோசியக்காரனா?" என்றார். தம்பி மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். 'புகார் ஏதும் பெறப்படவில்லை. அலுவலர் மீது தவறில்லை' என்று அறிக்கை முடிந்தது.

5. அன்றே, அதே கட்டிடத்தின் கேன்டீனில் உட்கார்ந்து, அந்த மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் இருந்த இணைய முகவரியைத் தேடினேன். விற்பனைக்கு இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் என்னுடையதாயிற்று. நீ யார், எதற்கு வாங்குகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மோசடிக்காரன் முந்தியிருந்தால், துறையின் பெயரிலேயே கட்டணம் வசூலித்து ஊரை மொட்டையடித்திருப்பான். பழிவாங்க நினைத்தவன் வாங்கியது தங்கள் நல்ல காலம். ஆம், பழிவாங்கத்தான் வாங்கினேன். அதில் மறைக்க எதுவுமில்லை.

6. கணினி வேலை தெரிந்த என் மருமகன், அந்த முகவரிக்கு வரும் மடல்கள் என் கைபேசிக்கு வரும்படி செய்து கொடுத்தார். மறுநாளே புகார்கள் வரத் தொடங்கின: அறுந்து தொங்கும் கம்பி, தீப்பொறி பறக்கும் பெட்டி, பள்ளி மதில்மேல் சாய்ந்த கம்பம். ஒவ்வொன்றையும் துறையின் புதிய முகவரிக்கு அனுப்புகிறேன். எழுதியவருக்குச் சரியான முகவரியைச் சொல்கிறேன். ஒரு பிரதி பொறியாளரின் சொந்தக் கைபேசிக்குப் போகும். அவர் சாப்பிடும்போதும் போகும், கல்யாண வீட்டில் இருக்கும்போதும் போகும். ஒருநாள் என்னை அழைத்தார். "ஏங்க இப்படி என் உயிரை எடுக்கறீங்க?" என்றார். யாரிடம் அதைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது; இணைப்பைத் துண்டித்தார். அடுத்த புகாரை அனுப்பினேன். அதன் பிறகுதான் அவர் தங்களுக்கு எழுதினார், தங்கள் நோட்டீஸ் வந்தது. என் தம்பியின் மடல்களுக்கு அசையாத அரசு, பொறியாளரின் ஒரு மடலுக்கு அசைந்துகொடுத்தது.

7. நேற்று ஒரு புகார் வந்தது. அதை அப்படியே தருகிறேன்: "ஐயா, எங்க வாசல் கம்பம் சாயுது. என் வீட்டுக்காரர் உங்க துறையிலதான் வட்டாரப் பொறியாளர். வாயால சொன்னா காதுல ஏறலை, முறையா எழுதிக் கொடுன்னு சொல்லிட்டார். தகட்டுல இருந்த முகவரிக்கு எழுதறேன். கம்பத்தடியிலதான் மாமியார் காலை வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்றாங்க. சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

இதை மட்டும் நான் பொறியாளருக்கு அனுப்பவில்லை, துறைக்கும் அனுப்பவில்லை. அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நாற்காலியை உள்ளே போடச் சொல்லி, வாசலில் யாரும் நிற்க வேண்டாம் என்று அவருக்கு மட்டும் பதில் எழுதினேன். என் தம்பிக்கு அப்படி எழுத ஓர் ஆள் இருக்கவில்லை. ஆனால் ஆள் வர அது போதாது. பெறப்பட்ட புகார் வேண்டும். அது பொறியாளரே சொன்ன கணக்கு.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விசாரணை அறிக்கையின் கடைசி வரியை நீக்கி, 'புகார் அனுப்பப்பட்டது. அதைப் பெற வேண்டிய முகவரியைத் துறை கைவிட்டிருந்தது. தகடுகள் பற்றிப் பொறியாளர் பொய் எழுதினார்' என்று சேர்க்கத் துறைக்கு எழுதுங்கள். அந்தப் பொய்க்கு அவர் வேலையிலிருந்து விலக்கப்பட வேண்டும். இடமாற்றம் எனக்குப் போதாது. அரசு கைவிடும் எந்த முகவரியும் இனி சந்தைக்கு வராமல் தங்கள் இயக்ககமே வைத்துக்கொண்டு, அதற்கு வரும் மடல்களை உரியவருக்குத் திருப்ப வேண்டும். அறிக்கை திருத்தப்படும் அன்று முகவரியை ஒப்படைக்கிறேன். அதற்குமுன் வழக்குப் போட்டால், நீதிமன்றத்தில் இவ்வளவையும் உரக்கப் படிப்பேன்.

மனுவை நேரில் கொண்டுவந்திருக்கிறேன். அந்த அம்மாவின் புகார் இணைப்பில் உள்ளது. பெற்றுக்கொண்டதாக முத்திரை இட்டுத் தந்து, அதைத் துறைக்குத் தாங்களே அனுப்புங்கள். அந்த முத்திரை விழும்வரை, துறையின் கணக்கில், பொறியாளர் வீட்டு வாசலில் கம்பம் நேராகத்தான் நிற்கிறது.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: புகார் வந்த மறுநாள், காற்று வலுத்த காலை

கையொப்பமிட்டுக் காத்திருப்பவன்,
தையல்காரரின் அண்ணன்