அம்மாவின் இரத்தமும் உன் பயணமும்

களுவாஞ்சிக்குடி
திங்கட்கிழமை

அன்பு மகள் தக்ஷாயினி,

நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொழும்பு ஆய்வுகூடம் இன்று காலை அனுப்பியது. இரத்தம் வீணாக உறையாமல் தடுக்க உடம்பே உண்டாக்கும் ஆன்டித்ரொம்பின் என்ற புரதம் அம்மாவுக்குப் பாதிதான் இருக்கிறது. எனக்குக் குறைவில்லை. உன் தம்பி நிதுர்ஷனுக்குக் காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறியதை நீ அறிவாய். அவனுக்கும் இது குறைவென்றே வந்தது, ஆனால் உறைவு புதிதாக இருக்கும்போதும் அதைத் தடுக்கும் ஊசி ஏறும்போதும் தானாகவே குறையலாம், பெற்றோரின் இரத்தத்தைப் பார்த்தால்தான் பரம்பரையா என்று தெரியும் என்றார் அவனைப் பார்க்கும் டொக்டர் சபீனா. முதல்முறை எடுத்த எங்கள் இரத்தம் வீணாகிவிட்டது. அதில் பிரித்த தெளிநீரை ஐஸ்கட்டிபோல் இறுகிய நிலையிலேயே கொழும்பில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். உன் மாமா உதயரூபன் மாங்கேணியிலிருந்து மீன் போகும் ஐஸ் பெட்டியில் அதை வைத்து, "மச்சான், பாரை மீனக் கெடாமக் கொழும்புக்கு அனுப்புற எனக்கு இந்தக் குழாய அனுப்பத் தெரியாதா" என்று சிரித்தார். மீனுக்குப் போதுமான குளிர் இதற்குப் போதவில்லை, இளகிவிட்டதென்று திருப்பிவிட்டார்கள். மறுபடி எடுத்து அனுப்பிய அந்த இழுபறிக்குள் நீ பயணச்சீட்டும் எடுத்துவிட்டாய்.

தலைப்பிள்ளை இங்கே உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் பிறக்க வேண்டுமென்று உன்னைக் கரைச்சல் படுத்தியது அம்மாதான். இன்று அறிக்கையைப் பார்த்ததிலிருந்து, "நான் கூப்பிட்டதெல்லாம் பிழை, புள்ளய பிளேன்ல ஏற வேணாமெண்டு எழுதுங்க" என்று அழுதுகொண்டிருக்கிறா. உனக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார் டொக்டர். கர்ப்பத்தோடு அத்தனை மணிநேரம் அசையாமல் இருந்து வந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இன்னும் கூடும் மகள். தொலைபேசியில் சொன்னால் தம்பியைப் பார்க்க வேண்டுமென்று அழுது போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். என்னோடு கோபித்துக்கொள், பேசாமலும் இரு, ஆனால் வராதே. நாளைக்கே உன் டொக்டரிடம் இதைச் சொல். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ பொறுத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மருமகனுக்கு எதையும் மறைக்காதே.

தான்தோன்றீஸ்வரர் உங்களைக் காக்கட்டும். நிதுர்ஷனுக்கு ஊசியை நிறுத்திய பிறகுதான் மறுபரிசோதனை, அதற்கு மூன்று மாதமாகும். நாளை இரத்தம் கொடுத்தால் உன் முடிவு வெள்ளிக்கிழமை வரக்கூடும். உன் விமானம் வியாழக்கிழமை.

உன் அப்பா,
வினாயகமூர்த்தி