நகல் என்று பொறித்த காசுகள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து கூட்டம். நகைக்கு மதிப்புச் சொல்லும் இந்த மேசைக்கு வந்து பதினோரு வருஷம்; மூன்று மணிவரை சாப்பிடாமல் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா. பஸ் டிப்போவுக்கு எதிரே தையல் கடையாம். கைக்குட்டை முடிச்சில் இருபது குட்டிக் காசுகள். சட்டைப் பொத்தான் அளவு, தும்மினால் பறந்துவிடும். பழங்காலக் காசுகளைப் பார்த்துச் சின்னதாகச் செய்தவை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். வருஷத்துக்கு ஒன்றாகத் தபாலில் வரவழைத்துக் கொடுத்தாராம். இப்போது பக்கவாதம், பேச்சும் போய்விட்டது.

ஒன்றைத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘நகல்’.

“முலாம்மா இது. பித்தளை மேல பூச்சு. ஒண்ணும் தேறாது.”

“தங்கம்னுதான் சொன்னார்.”

“எல்லார் வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

முகம் சுண்டிப்போயிற்று. காசுகளை மறுபடி கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடப் போனேன்.

மார்ச் 11

தம்பி போன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 26, புதன்



ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதே மாதிரிக் காசுகள் பன்னிரண்டு கொண்டுவந்தார். அதே அச்சு, அதே ‘நகல்’. ஆனால் செய்தவர்கள் கொடுத்த சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்: சொக்கத் தங்கம், காசுக்கு அரை கிராம். நம்பவில்லை. மாற்றுப் பார்க்கும் மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும் என்பதால் தண்ணீரில் எடைபோட்டேன். ஒற்றைக் காசுக்கு வித்தியாசமே தெரியாது. பன்னிரண்டையும் சேர்த்துப் போட்டேன். வெளியே ஆறு கிராம். தண்ணீருக்குள் 5.69. பித்தளை என்றால் 5.30-க்கு இறங்கியிருக்க வேண்டும். மறுபடி போட்டேன். அதேதான்.

நகல் என்றால் உருவம்தான் நகல். உலோகமும் நகல் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன்.

அந்த அம்மாவுடையதை நான் தராசில்கூட வைக்கவில்லையே. ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? பசிச்சுதுன்னா... அதுக்காக?

மார்ச் 27

முதலாளியிடம் சொன்னேன். “அவங்களுக்கு நாம பில் போட்டோமா? இல்லல்ல? நீ ஏன் போய் வம்பை விலைக்கு வாங்குற?”

மார்ச் 30, ஞாயிறு

போனேன். டிப்போவுக்கு எதிரே நாலாவது கடை, பின்னாலேயே வீடு. அந்த அம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினார்.

சொன்னேன். முழுசாக, சுற்றி வளைக்காமல்.

சீருடையை மடித்து வைத்தார். பிறகு, “அன்னிக்கு வந்து அவர்கிட்ட சண்டை போட்டேன்மா. இருபது வருஷமா என்னை ஏமாத்துனியான்னு கேட்டேன். பதில் சொல்ல முடியாத மனுஷன்கிட்ட” என்றார். மூன்று காசுகளை மாடி வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டுக்காரர் இவர் கையால் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்துதான் ஊட்டுகிறாள்.

“உள்ள வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பார்.”

ஜன்னலோரக் கட்டில். ஒருபக்கம் இழுத்துக்கொண்ட முகம். கண் மட்டும் தெளிவு. மிச்சமிருந்த பதினேழையும் கொண்டுபோயிருந்த சின்னத் தராசில் அவர் பார்க்கவே, வெளியிலும் தண்ணீரிலுமாக எடைபோட்டேன். “ஐயா, இவ்வளவும் சொக்கத் தங்கம். பார்க்காமலே முலாம்னு சொன்னது நான். தப்பு என்னோடது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். நல்ல கையை மெல்லத் தூக்கினார். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் தலையைச் சாய்த்துவிட்டார். நான் அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றியது.

வாசல்வரை வந்தார். “நீங்க வந்தது பெரிய விஷயம்தான். ஆனா அந்த இருபத்தாறு நாளை யாரும்மா திருப்பித் தருவா?”

தராசைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 2

இனி தராசில் ஏறாத எதற்கும் வாய் திறப்பதில்லை. முதலாளிக்குக் கோபம். “வரிசை நகரவே மாட்டேங்குதே!” நகராவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

தையல்கார அம்மா வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்தபிறகுதான் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பத்தாம் தேதி காலையில் போய்விட்டாராம். கடைசிப் பதினோரு நாளும் இவர் கையால்தான் சாப்பிட்டார்.

மாடி வீட்டுக்காரர்கள் இரண்டைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கிடைக்கவே இல்லை.

“விக்க வரல. இது என்னன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு.”

பத்தொன்பதையும் எடைபோட்டேன். ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எடை, மாற்று, இன்றைய மதிப்பு, பழங்காசின் சிற்றுருவ நகல், உலோகம் சொக்கத் தங்கம் எல்லாம் எழுதினேன்.

“உடைமையாளர்னு யார் பேரைப் போடட்டும்மா?”

“அவர் பேர்தான்.”

இறந்தவர் பெயரில் சான்று எழுதக்கூடாது என்பது கடை விதி. எழுதினேன்.